ஆறு மணி நேரக் கம்பும் ஆயிரம் மீட்டர் திரியும்

திருவண்ணாமலையில் ஆண்டுக்கு ஒருமுறை சாமிக்கே சாவுச் சேதி வரும்.

தைப்பூசத்தன்று அருணாசலேசுவரர் ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். போகும்போது தவிலும் நாகசுரமும் முன்னால் முழங்கிக்கொண்டு போகும். தீர்த்தவாரி முடிந்து கிளம்புகிற நேரத்தில், வல்லாள மகாராஜா போரில் மாண்டுவிட்டார் என்று சேதி சொல்வார்கள். மேளம் நின்றுவிடும். சாமி அப்படியே சத்தம் காட்டாமல் கோயிலுக்குத் திரும்பிவிடுவார். அடுத்தது மாசி மகம். அன்றைக்குப் பள்ளிகொண்டாப்பட்டு கிராமத்துக் கௌதம நதிக்கரைக்குப் போய், மகன் முறையில் ராஜாவுக்குத் திதி கொடுப்பார். பிள்ளையில்லாத ராஜா, தனக்குக் கொள்ளி வைக்க ஆளில்லையே என்று கலங்கியபோது, 'நானே உன் மகன்' என்று வாக்குக் கொடுத்தாராம் அண்ணாமலையார். கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

ராஜா கற்பனை ஆள் இல்லை. மூன்றாம் வீர வல்லாளன், ஹொய்சள வம்சத்தின் கடைசிப் பெரிய அரசன். 1292-ல் பட்டத்துக்கு வந்தவன். டில்லிப் படையெடுப்புகளில் தலைநகர் துவாரசமுத்திரம் நொறுங்கிய பிறகு திருவண்ணாமலையில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆட்சி செய்தான். 1340-களின் தொடக்கத்தில் மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். வயது எண்பது. அவன் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் அடைத்து, மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதைப் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. அதைப் படித்துவிட்டு மாசி மகத் திதியை நினைத்தால் சடங்கின் கனமே மாறிப்போகிறது. எரிக்கவும் புதைக்கவும் உடல் கிடைக்காத ஒரு கிழவனுக்கு, யாரோ ஒருவர் வருஷம் தவறாமல் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும் என்று இந்த ஊர் முடிவு செய்திருக்கிறது. அந்த யாரோ ஒருவராகச் சாமியையே நிறுத்தியும் வைத்திருக்கிறது.

இதே ராஜாவைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. கோபுரம் கட்டி முடித்ததும் அவனுக்குத் தலை கால் புரியவில்லையாம். திருவிழாவில் சாமி அந்தக் கோபுர வாசல் வழியே வர மறுத்துவிட்டார். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். பத்தாம் நாள் ராஜா தன் கர்வத்தை உணர்ந்து அழுத பிறகுதான் வெளியே வந்தாராம். வல்லாள கோபுரம் என்ற பெயரோடு அது இன்றும் கோயிலுக்குள் நிற்கிறது. கர்வத்துக்கு ஒன்பது நாள் தண்டனை, பாசத்துக்குக் காலமெல்லாம் திதி. அண்ணாமலையாரின் கணக்கு நமக்கும் சம்மதம்தான்.

திருவண்ணாமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அற்புதங்களை எழுதுவார்கள். சித்தர் பறந்தார், ஜோதி தெரிந்தது, நோய் பறந்தது. அந்தக் கதைகளைக் கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிடலாம், மறுநாள் காலையில் வீட்டில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஊரில் வேறொரு ரகக் கதைகளும் கொட்டிக்கிடக்கின்றன. ஒரு சின்ன வேலையை யாரோ ஒருவர் முழுசாகச் செய்த கதைகள். சமையலறையிலும் தெருவிலும் நடைபாதையிலும் அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளக்கூடியவை. இந்த வாரம் அவற்றைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறோம்.

சண்டைக்கென்று ஒரு தெரு

புருஷன் பெண்டாட்டி சண்டையைத் திருவிழாவாகக் கொண்டாடும் ஊர் இது. அதற்கென்றே திருவூடல் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது.

தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலை ஒட்டி, கோயிலில் பெரிய நந்திக்குக் காய்கறி, பழம், வடை, முறுக்கு, அதிரசம் என்று மாலை மாலையாகக் கட்டிப் போடுவார்கள். ரூபாய் நோட்டு மாலையும் உண்டு. காலையில் சாமி திட்டிவாசல் வழியாக வந்து சூரியனுக்கும் நந்திக்கும் காட்சி தருவார். சாயங்காலம்தான் வேடிக்கை. திருவூடல் தெருவில் சாமிக்கும் உண்ணாமுலையம்மனுக்கும் வாக்குவாதம் முற்றும். பிருங்கி முனிவர் அம்மனை வணங்க மறுத்துச் சிவனை மட்டும் சுற்றுகிறவர். அவருக்குப் போய் சாமி அருள் செய்யப் புறப்பட்டால் எந்த மனைவிக்குத்தான் கோபம் வராது? இரண்டு தரப்புக்கும் நடுவே தூது போகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவருக்கே இரண்டு மனைவிகள், ஊடலில் நல்ல அனுபவம் உள்ளவர். தூது பலிக்காது. அம்மன் விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். சாமிக்கு வீடு இல்லை. அன்று ராத்திரி குமரக்கோயிலில் தங்கல். மறுநாள் தனியாகக் கிரிவலம் போய்வந்த பிறகுதான் சமாதானம். அதற்குப் பெயர் மறுவூடல்.

இதைப் பார்த்தால் தம்பதி ஒற்றுமை கூடும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள், நடைமுறையைக் கவனியுங்கள். சண்டை தெருவில் எல்லாரும் பார்க்க நடக்கிறது, ஆனால் ஒரு ராத்திரிக்கு மேல் நீள்வதில்லை. கோபத்தில் இருப்பவரிடம் அன்றைக்கே பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. தப்பு செய்தவர் பதினான்கு கிலோமீட்டர் நடந்துவிட்டு வருகிறார். குடும்ப ஆலோசனை நிபுணர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதில் பாதி இதில் வந்துவிடுகிறது.

வீடு வீடாக வாங்கிய கோபுரம்

கிழக்கே நிற்கும் ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தது. பேரரசு நினைத்தால் கோபுரம் எழும்புவதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு வடக்குக் கோபுரத்தைப் பார்த்தால்தான் மலைப்பு வரும். 171 அடி. அதைக் கட்டியவர் ராணி இல்லை, ஜமீன்தாரிணி இல்லை. செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்து, 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அம்மணி அம்மாள் என்ற துறவி. கையில் சல்லிக்காசு கிடையாது.

பாதியில் நின்றுபோயிருந்த கோபுர வேலையை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் கேட்டார். இல்லை என்று கைவிரித்த ஒரு பணக்காரரிடம், உள்ளே பெட்டியில் இருக்கும் தொகையைக் காசு சுத்தமாகச் சொல்லி அசர வைத்தார் என்று ஒரு கதை. மைசூர் அரண்மனையில் காவலர்கள் வெளியே நிறுத்தியபோதே உள்ளே ராஜா முன்னால் நின்றிருந்தார் என்று இன்னொன்று. பணம் தீர்ந்துபோன நாளில் கூலிக்குப் பதில் விபூதியைக் கொடுத்தாராம். வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால் அவரவர் செய்த வேலைக்குத் தக்க கூலி இருந்ததாம்.

மூன்று கதையிலும் அற்புதத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள், நன்கொடை திரட்டுவதன் பால பாடம் மிஞ்சும். யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். வாசலில் நிறுத்தினால் திரும்பிவிடக் கூடாது. எது நின்றாலும் கொத்தனார் கூலி நிற்கக் கூடாது. ஊரில் நூலகம், பள்ளிக்கூடச் சுவர் என்று எதற்காவது ரசீதுப் புத்தகத்தோடு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊரும் நன்றி மறக்கவில்லை. நாலு பெரிய கோபுரங்களில் ஒன்றுக்கு அந்த அம்மாள் பெயரையே வைத்துவிட்டது. கிரிவலப் பாதையில் ஈசான்ய லிங்கத்துக்கு எதிரே அவருடைய ஜீவசமாதியும் இருக்கிறது.

கோயிலுக்குள் போகிறவர்களுக்கு ஒரு துப்பு: மூன்றாம் பிரகாரத்தில் தலமரமான மகிழ மரத்தடியில் ஓர் இடம் உண்டு. அங்கே நின்று மெல்லச் சுற்றிப் பார்த்தால் ஒன்பது கோபுரங்களும் கண்ணில் படும்.

மீனவர் ஏற்றும் தீபம், வீட்டில் ஏற்றும் அகல்

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் ஆடிக்கொண்டே வெளியே வருவார். வருஷத்தில் அந்த ஒரு நாள், அதுவும் சில நிமிஷம்தான். கொடிமரத்தருகே தீபம் காட்டியதும் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் எரியும். இதைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. ஆனால் தீபத்தை ஏற்றுவது யார் என்று கேட்டால் நிறையப் பேர் குருக்கள் என்பார்கள். இல்லை. வழிவழியாக அந்த உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு, அதாவது மீனவர் சமூகத்துக்கு உரியது.

மலையுச்சிக்குச் சாலை கிடையாது. ஐந்தரை அடி உயரச் செப்புக் கொப்பரையைத் தோளில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சுமார் 3,500 கிலோ நெய்யும் டின் டின்னாக மனிதர்கள் சுமந்துதான் மேலே போகிறது. திரிக்கு ஆயிரம் மீட்டர் காடாத் துணி. மெல்லிய துணி அந்த அனலில் பொசுக்கென்று போய்விடும்; காடா கெட்டி, நெய்யை நிறையக் குடித்துக்கொண்டு நின்று எரியும். கற்பூரம் சேர்ப்பது சட்டென்று பற்றிக்கொள்ள. கார்த்திகைக் குளிரில் மலைமேல் நெய் உறைந்துபோகும். எரிகிற திரியின் சூடுதான் சுற்றியுள்ள நெய்யை உருக்கி உருக்கி மேலே இழுத்துக்கொள்கிறது. பதினொரு ராத்திரி இப்படி எரியும்.

எவ்வளவு தூரம் தெரியும்? சமவெளியிலிருந்து மலை 600 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தால் 85 கிலோமீட்டருக்கு அப்பாலும் உச்சி தெரியலாம். ஆனால் தூசியும் பனிமூட்டமும் இப்போது ஊருக்கு ஊர் எரியும் மின்விளக்கும் அதை வெகுவாகக் குறைத்துவிடும். சுற்றுக் கிராமங்களில் இன்றும் மொட்டை மாடியில் நின்று மலைமேல் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கேற்றுகிறார்கள்.

அந்த வீட்டு விளக்குக்கும் சில சூட்சுமங்கள் உண்டு. கடையில் வாங்கிவந்த புது அகலை அப்படியே எண்ணெய் ஊற்றி ஏற்றினால் பாதி எண்ணெயை மண்ணே குடித்துவிடும், மீதி கசிந்து தரையில் வட்டம் வட்டமாகக் கறையாக நிற்கும். முந்தின நாளே அகல்களை வாளித் தண்ணீரில் போட்டு ஊறவைக்க வேண்டும். போட்டதும் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும்; குமிழ் நின்றால் மண் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். எடுத்துக் கவிழ்த்து நிழலில் ஈரம் போக உலர்த்திவிட்டு ஏற்றினால் எண்ணெய் நிற்கும். திரி நுனியில் கற்பூரத்தைப் பொடித்துத் தொட்டுவைத்தால் காற்றிலும் ஒரே குச்சியில் பற்றும். திரியை எண்ணெயில் நன்றாக நனைத்துவிட்டு ஏற்றுங்கள். காய்ந்த திரி கருகித்தான் போகும், எரியாது. அகலை விளிம்புவரை நிரப்பாதீர்கள், மாடிப்படியில் வைக்கிற விளக்குக்கு முக்கால் போதும். பாவாடை, தாவணி, துப்பட்டா போட்ட பிள்ளைகள் தரையில் விளக்கு வைக்கும்போது பெரியவர் ஒருவர் கூடவே நிற்பது நல்லது. பருத்தி உடை மேல். நைலான் தீப்பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

பதினொரு நாள் முடிந்ததும் கொப்பரை கீழே இறங்கும். அதில் படிந்த கரியை எடுத்து நெய் சேர்த்துத் தீப மை தயாரிப்பார்கள். ஆருத்ரா தரிசனத்தன்று முதலில் நடராஜருக்கு, அப்புறம் ஜனங்களுக்கு. அடுப்புக் கரியைக் கண்டால் முகம் சுளிக்கும் நமக்கு, மலையிலிருந்து வந்தால் அது நெற்றிக்குப் போகிறது.

கத்தரிக்காய்க் காம்பு

1896 ஆகஸ்ட் கடைசியில் மதுரையில் ஒரு பதினாறு வயதுப் பையன் வீட்டை விட்டு ஓடினான். அண்ணனின் காலேஜ் சம்பளம் கட்ட வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்தான்; சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று சீட்டிலும் எழுதினான். எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போகிறவன் கணக்கை நேர் செய்துவிட்டுப் போகிறான்! பழைய வரைபடத்தை நம்பித் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தவனுக்கு, விழுப்புரத்திலேயே ரயில் மாறலாம் என்று சொல்லிக்கொடுத்தவர் கூடப் பயணம் செய்த ஒரு மௌல்வி. வழியில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் இறங்கினான் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி ஆன அவர், ஐம்பத்து மூன்று வருஷம், 1950 ஏப்ரல் 14 வரை, இந்த ஊரை விட்டு நகரவில்லை.

அவருடைய தத்துவத்துக்கு அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. நமக்கு அவருடைய அரிவாள்மணை போதும். விடியுமுன்னே எழுந்து ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்துவிடுவார். தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். செய்தித்தாளின் எழுத்தில்லாத ஓரத்தைக் கத்தரித்து வைத்து அதில் எழுதுவார். ஒருநாள் கத்தரிக்காய் நறுக்கியபோது குவிந்த காம்புகளைக் குப்பையில் போட விடவில்லை. அதையும் சமைக்கச் சொன்னார். மணிக்கணக்கில் வேக மறுத்த காம்பு, அவர் வந்து கிளறிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் வெந்துவிட்டதைச் சமையலறையில் வேலை செய்த சம்பூர்ணம்மாள் நினைவுகூர்ந்திருக்கிறார். கத்தரிக்காய்க் காம்பில் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், அதன் தோலை உரித்துச் சாம்பாரில் போட்டுச் சுவைக்கும் கிராமத்து ஆட்களைப் பார்த்ததில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையலும் தர்ப்பூசணி வெள்ளைக் கூட்டும் இதே மரபில் வந்தவைதான்.

முதலியார் பாட்டி என்று ஒருத்தி. தினமும் தன் வீட்டிலிருந்து சமைத்து எடுத்துவந்து ரமணருக்குப் பரிமாறுவாள். ஒருநாள் கை நிறைய அள்ளி இலையில் வைத்துவிட்டாள். இவ்வளவு எதற்குப் பாட்டி என்று அவர் கடிந்துகொள்ள, அதிகம் என்ன, குறைச்சல் என்ன சாமி, எல்லாம் பாவனைதானே என்றாளாம். தன் உபதேசமே தனக்குத் திரும்பி வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கீரைப் பாட்டி என்று இன்னொருத்தியும் உண்டு. மலையில் கீரை பறித்து, வேகவைத்து, முதல் பங்கை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். பின்னாளில் ஆசிரமத்தில் செல்லமாக வளர்ந்த பசு லட்சுமி, அந்தப் பாட்டியின் மறுபிறவி என்று அங்கே பலர் நம்பினார்கள். 1948-ல் இறந்த லட்சுமிக்கு ஆசிரமத்துக்குள் சமாதி இருக்கிறது. மான், காகம், நாய்க்கும்கூட.

சாப்பாட்டு வரிசையில் ஒருமுறை பிரச்சினை வந்தது. பசியோடு வந்த சாதுக்களை, அப்புறம் வாருங்கள் என்று ஆசிரமத்து ஆள் யாரோ அதட்டிவிட்டார். ரமணர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அன்று முதல் ஏழைகளுக்குப் போட்ட பிறகுதான் உள்ளே பந்தி என்று வழக்கம் ஆயிற்று. முற்பகலில் ஆசிரமப் பக்கம் போனால் வாசலில் அந்த வரிசையை இன்றும் பார்க்கலாம்.

1924 ஜூன் 26 ராத்திரி திருடர்கள் வந்தார்கள். உள்ளே ஒன்றும் பெரிதாக இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்து விட்டார். வெளியே போகிறவர்களை அடித்தார்கள், அவருக்கும் தொடையில் விழுந்தது. இன்னொரு காலிலும் வேண்டுமானால் அடியுங்கள் என்றார். கொதித்தெழுந்த சீடர்களை, அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள், நம் வேலை பொறுப்பது என்று தடுத்துவிட்டார். இதில் நடைமுறைப் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது, காவல்துறையும் அதையேதான் சொல்கிறது. ஆயுதத்தோடு வந்தவனோடு பொருளுக்காகக் கட்டிப்புரளக் கூடாது. சீடர் குஞ்சு சுவாமி அந்த இருட்டில் ஊருக்குள் ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தார், அதுவும் பாடம்தான்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது கம்புக் கதை. பலனை எதிர்பார்க்காமல் வேலை செய்வது என்றால் என்ன என்று ஓர் அன்பர் கேட்டார். பதில் இல்லை. ரமணர் எழுந்து மலைமேல் நடக்க, கேட்டவரும் பின்னால் போனார். வழியில் முள்ளடர்ந்த ஒரு கிளை கிடந்தது. எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முள்ளை ஒவ்வொன்றாகச் சீவினார். கணுக்களைச் செதுக்கிச் சமன் செய்தார். சொரசொரப்பான இலையைப் பறித்து, மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மணி நேரம். முள்ளுக் குச்சி வழவழப்பான கைத்தடியாகிவிட்டது. கிளம்பும்போது எதிரே ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் வந்தான். கம்பைத் தொலைத்துவிட்டு முகம் வாடி நின்றான். அவன் கையில் அதைக் கொடுத்துவிட்டு ரமணர் போய்க்கொண்டே இருந்தார். கேள்வி கேட்டவருக்குப் பதில் புரிந்தது.

இலை என்றதும் ஒரு தகவல். உப்புத்தாள் வருவதற்கு முன்னால் தச்சர்கள் மரத்துக்கும் தந்தத்துக்கும் மெருகேற்றியது பராய் மரத்து இலையால்தான். தொட்டால் அரம் மாதிரி உரசும். வேலியோரத்தில் தென்பட்டால் நாலு இலை பறித்துத் தோசைத் திருப்பியின் மரக்கைப்பிடியில் தேய்த்துப் பாருங்கள்.

நிறைமாத ராணியின் நடை

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். சராசரி எட்டு வைத்தால் ஏறக்குறைய இருபதாயிரம் அடி. எட்டுத் திசைக்கும் இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம்வரை எட்டு லிங்கங்கள். நடுவில் அடி அண்ணாமலை கோயில். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் திரளும் கூட்டம் கடந்த முப்பது நாற்பது வருஷத்தில் பெருகியது. ரமணர் காலத்தில் நினைத்த நாளில் நடந்தார்கள். கூட்டத்தில் இடிபட விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு சாதாரணப் புதன்கிழமையும் மலை அதே மலைதான்.

எப்படி நடக்க வேண்டும் என்று ரமணர் சொன்ன அளவுகோல் அழகானது: நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடக்கிற மாதிரி. அவசரம் கூடாது, அடி அதிரக் கூடாது. மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்தால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எல்லாரும் செய்கிற தப்பு, முதல் நாலு கிலோமீட்டரைப் பேச்சு சுவாரசியத்தில் வேகமாகக் கடந்துவிட்டு, அடி அண்ணாமலை தாண்டியதும் காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது.

வெறுங்காலில் நடப்பது வழக்கம். வெயில் ஏறிய தார்ச்சாலையில் அது விஷப்பரீட்சை. விடியற்காலை மூன்று, நாலு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன் முடிக்கலாம், இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பவருக்குக் கல் குத்தியதே தெரியாது, தெரிகிறபோது புண் ஆறாமல் நிற்கும். காலுக்குப் பொருந்திய, அடி தடித்த காலணி போட்டுக்கொண்டு நடங்கள், அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். நடந்து முடித்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தானாகப் பார்க்க முடியாவிட்டால் கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காதீர்கள். மேல்தோல்தான் அதற்குக் கட்டு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடப்பதாக ஐதீகம். அதனால் மனிதர்கள் சாலையின் இடது ஓரமாகவே போவார்கள். பௌர்ணமியில் வண்டிகள் வராது. மற்ற நாளில் செங்கம் சாலையிலும் காஞ்சி சாலையிலும் பஸ் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் என்பதை மறக்க வேண்டாம். இருட்டில் வெளிர்நிற உடை, இருக்கிற இடத்தில் நடைமேடை. சித்தர்களுக்கு வண்டி இடிக்காது, நமக்கு இடிக்கும்.

2024 மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையத்தில் கிளம்பி வேலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு வரும் ரயில் ஓடுகிறது. பௌர்ணமிப் பேருந்துக் கூட்டத்தில் நின்றுகொண்டே வந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

மலையும் களைக்கும்

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயலின் மழை கொட்டித் தீர்த்த நாள். மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய்விட்டார்கள். அந்த வருஷத் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. கொப்பரையும் நெய்யும் கொண்டுபோகிற குழு மட்டும் ஏறியது. தீபம் குறித்த நேரத்தில் எரிந்தது. ஈரம் ஊறிய சரிவின் கீழ் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. சுவரிலோ தரையிலோ புதுசாக விரிசல், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கி வருவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, மேலேயிருந்து உருளும் சத்தம். இதில் ஒன்று தெரிந்தாலும் பாத்திரம் பண்டத்தைப் பார்க்காமல் வெளியேறிவிட வேண்டும், அதுவும் சரிவின் நேர் கீழே ஓடாமல் பக்கவாட்டில்.

பழைய புகைப்படங்களில் இந்த மலை கிட்டத்தட்ட மொட்டையாக இருக்கும். விறகுக்கு வெட்டியது போக மிஞ்சியதைக் கோடைத் தீ தின்றது. எண்பதுகளின் கடைசியிலிருந்து உள்ளூர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் கன்று நட ஆரம்பித்தார்கள்; இப்போது 'தி ஃபாரஸ்ட் வே' போன்ற அமைப்புகள் அதைத் தொடர்கின்றன. நடுவது சுலபம், காப்பாற்றுவதுதான் பாடு. மழை முடிந்ததும் ஆளுயரத்துக்கு வளரும் புல், தை கடந்தால் சருகாகிவிடும். அதற்குள் சரிவின் குறுக்கே பட்டை பட்டையாகப் புல்லை அறுத்துத் தீத்தடுப்புப் பாதை போட வேண்டும். அதையும் தாண்டித் தீ வந்துவிட்டால் தண்ணீர் கொண்டுபோக வழியில்லை. பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு வரிசையாக நின்று, தீயின் ஓரத்தை அடித்து அடித்துத்தான் அணைக்கிறார்கள், பெரும்பாலும் ராத்திரியில்.

இந்தத் தீயில் கணிசமானது மனிதர் கை பட்டது. பாறை இடுக்கில் பக்தியோடு ஏற்றிவைத்த கற்பூரம், அணைக்காமல் போட்ட பீடித்துண்டு. மாசி, பங்குனியில் போகிறவர்கள் தீப்பெட்டியைத் தங்குகிற அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம். விளக்கேற்றக் கோயிலுக்குள்ளேயே வேண்டிய இடம் இருக்கிறது.